நர்சிங் படித்தால் கடனை அடைக்க முடியுமா?

ஐயா, மகள் பி.எஸ்சி. நர்சிங் படிக்க ஆசைப்படுகிறாள், கல்லூரியில் நான்கு வருடத்துக்கு ஆறு லட்சம் கேட்கிறார்கள், கடன் வாங்கினால் அடைக்க முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். முடியும். ஆனால் படிப்பு முடிந்ததும் தவணை தானாக ஓடிவிடும் என்று இறங்காதீர்கள்.

ஆறு லட்சத்துக்கு 10 சதவீத வட்டி, 10 வருடத் தவணை என்றால் மாதம் சுமார் 8,000 ரூபாய். படிக்கும்போதே வட்டியைக் கட்டி வராவிட்டால் இன்னும் ஏறும். சரி, வருமானம்? 50 படுக்கைக்குக் குறைவான தனியார் மருத்துவமனையிலும் நர்ஸுக்கு 20,000 ரூபாயாவது தர வேண்டும் என்று, உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி அமைந்த குழு பரிந்துரைத்தது. அது 2016-இல் நடந்த கதை. இன்றும் பல ஊர்களில் முதல் சம்பளம் அதைத் தொடுவதில்லை. அரசு வேலையிலும் எடுத்ததும் நிரந்தரம் கிடைத்துவிடாது. 2015-இல் எம்.ஆர்.பி. (தமிழக அரசின் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) மூலம் தேர்வானவர்கள் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் சேர்ந்தார்கள். நிரந்தரம் கேட்டு 2017-இல் சென்னையில் மருத்துவத் துறை அலுவலகங்கள் இருக்கும் டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராட வேண்டியிருந்தது.

அதனால் கடனைச் சின்னதாக வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் பி.எஸ்சி. நர்சிங்குக்கு நீட் கிடையாது, பிளஸ் டூ மதிப்பெண்தான். அரசுக் கலந்தாய்வுக்குக் கட்டாயம் விண்ணப்பியுங்கள். மகள் அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். பஸ் செலவுக்காவது ஆகும்.

வேலையில் சேரும்போது 500 ரூபாய் கூடுதல் சம்பளத்தைப் பார்க்காமல், பெரிய மருத்துவமனையில் ஐ.சி.யு., ஆபரேஷன் தியேட்டர் என்று வேலை கற்றுக்கொள்ளும் இடத்தைப் பாருங்கள். அந்த இரண்டு வருட அனுபவச் சான்றிதழ்தான் வளைகுடா வேலைக்கு வழி. எய்ம்ஸ் மருத்துவமனைகளின் நர்ஸ் வேலைக்கு எய்ம்ஸ் நடத்தும் நார்செட் தேர்வுக்கு பி.எஸ்சி. முடித்தவர்கள் அனுபவம் இல்லாமலே உட்காரலாம். தேறினால் அடிப்படைச் சம்பளமே 44,900 ரூபாய். பாண்டு, அதாவது இத்தனை வருடம் வேலையை விடக்கூடாது என்ற ஒப்பந்தம், என்று சொல்லி ஒரிஜினல் சான்றிதழைக் கேட்கிற இடத்தில் மட்டும் சேர்க்காதீர்கள். ஜெர்மனி மோகம் இருந்தால் மூன்றாம் வருடத்திலேயே மொழியைத் தொடங்கட்டும். அங்கே வேலைக்குக் கேட்கிற பி2 என்ற ஜெர்மன் மொழித் தேர்ச்சி நிலை ஒரே மூச்சில் வராது. ஏஜென்ட் லட்சக்கணக்கில் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையிலேயே இருக்கிறது, முதலில் அங்கே விசாரியுங்கள்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. ஏ.டி.எம். கார்டு அப்பாவின் சட்டைப் பையிலும், நைட் டியூட்டி தன் தலையிலும் என்று இருக்கிற நர்ஸுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். தவணையும் தம்பி ஃபீஸும் போய், சீட்டுக்கும் கட்டி, மாசக் கடைசியில் பஸ்ஸுக்கு வீட்டில் கை நீட்டுவார்கள். கடன் தவணை அவள் கணக்கிலிருந்து போகட்டும், மீதி அவள் கையில் இருக்கட்டும். பி.எஃப். பிடிக்கிறார்களா என்று முதல் மாதமே சம்பளச் சீட்டை வாங்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

கலந்தாய்வு முடியும்வரை அந்தக் கல்லூரிக்கு முன்பணம் எதுவும் கட்டிவிட வேண்டாம்.