சாங்கு ஏரிக்குக் கட்டிய பணம்: பனி தின்றது எவ்வளவு, ஏஜென்ட் தின்றது எவ்வளவு?

கேள்வி: வணக்கம் மேடம். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறோம். பொங்கல் லீவில் நண்பர்கள் ஐந்து பேர் ரயிலில் நியூ ஜல்பாய்குரி போய், ஷேர் சுமோவில் காங்டாக் சேர்ந்தோம். எம்.ஜி. மார்க்கில் ஒரு டிராவல் ஏஜென்ட், சாங்கு ஏரி, பாபா மந்திர் கோயில், சீன எல்லையில் உள்ள நாதுலா கணவாய் மூன்றும் ஒரே நாளில் என்று தலைக்கு ₹1,500 கேட்டார். அதில் ₹500 நாதுலாவுக்கு. ஐந்து பேருக்கும் நான்தான் ஜிபேயில் ₹7,500 அனுப்பினேன், பில் தரவில்லை. மறுநாள் செவ்வாய்க்கிழமை. செக்போஸ்ட்டில் போலீஸ், பனி அதிகம், 13-வது மைல் வரைதான் விடுவோம் என்றார்கள். ஏரியையே பார்க்கவில்லை. டிரைவர், ஆளுக்கு ₹200 கொடுத்தால் 15-வது மைல் வரை கூட்டிப் போகிறேன் என்று ₹1,000 வாங்கினார், போகவும் இல்லை. பணம் கேட்டால் ஏஜென்ட், "பனிக்கு நான் என்ன செய்ய, நோ ரீஃபண்ட், கேஸ் போட்டால் காங்டாக்கில்தான் போடணும்" என்கிறார். ரயில் செலவையும் சேர்த்து ₹2 லட்சம் நஷ்டஈடு கேட்கலாமா?

பதில்: கேட்கலாம், கிடைக்காது. ஆனால் உங்கள் பணத்தில் கணிசமான பகுதியைத் திரும்பப் பெற நல்ல வாய்ப்பு இருக்கிறது. உங்கள் கடிதத்திலேயே அதற்கான ஆதாரம் இருக்கிறது, நீங்கள்தான் கவனிக்காமல் விட்டிருக்கிறீர்கள்: செவ்வாய்க்கிழமை.

நாதுலா திங்களும் செவ்வாயும் சுற்றுலாப் பயணிகளுக்குக் கிடையாது. இந்தியக் குடிமக்களைப் புதன் முதல் ஞாயிறு வரைதான் விடுவார்கள். இது காங்டாக்கில் டாக்ஸி ஓட்டும் எவருக்கும் தெரியும். அன்றைக்கு வெயில் கொளுத்தியிருந்தாலும் நீங்கள் நாதுலா போயிருக்க முடியாது. அதை மூடியது பனி அல்ல, கிழமை. தெரிந்தே தலைக்கு ₹500 வாங்கியிருக்கிறார். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி இது சேவைக் குறைபாடு மட்டுமல்ல, பிரிவு 2(47) சொல்லும் நியாயமற்ற வணிக நடைமுறையும்கூட. பில் தராததையும் அதே பிரிவு அந்தக் கணக்கில்தான் வைக்கிறது. ஆக ₹2,500 முழுதாகக் கேளுங்கள்.

ஏரி விஷயம் வேறு. அங்கே பனிதான் காரணம், ஏஜென்டைக் குறை சொல்ல முடியாது. சாங்கு 3,753 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 2019 டிசம்பர் கடைசியில் இதே சாலையில் 1,500-க்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் பனியில் சிக்கி, ராணுவம் மீட்டு முகாமில் தங்க வைத்தது. போலீஸ் தடுத்தது சரி. ஆனால் தவறு இல்லை என்பதும் பணத்தை வைத்துக்கொள்ளலாம் என்பதும் ஒன்றல்ல. ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 56: செய்ய முடியாமல் போன ஒப்பந்தம் செல்லாது. பிரிவு 65: அப்படிச் செல்லாமல் போனால், அதன் மூலம் பெற்றதைத் திருப்பித் தர வேண்டும். "நோ ரீஃபண்ட்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டுவிட்டால் இதெல்லாம் காணாமல் போய்விடாது. அதே சமயம் வண்டி வந்தது, டீசல் எரிந்தது, உங்களைப் பனி வரை கொண்டுபோய்த் திரும்பவும் விட்டது. காங்டாக்கில் இருந்து ஏரிக்குச் சுமார் 40 கி.மீ., 13 மைல் என்பது ஏறக்குறைய 21 கி.மீ. பாதி வழி வந்தாயிற்று. அதனால் மீதி ₹5,000-ல் பாதியைக் கேட்பது நியாயம். முழுதையும் கேட்டால் எதிர்த்தரப்பு டீசல் கணக்கைக் காட்டும், உங்கள் வலுவான நாதுலா பாயின்ட் அந்தச் சண்டையில் அமுங்கிவிடும்.

டிரைவரிடம் கொடுத்த ₹1,000-ஐ மறந்துவிடுங்கள். போலீஸ் 13-வது மைலில் நிறுத்தச் சொன்ன பிறகு, அதைத் தாண்டிப் போவதற்காகக் கொடுத்த பணம் அது. சட்டவிரோத நோக்கத்துக்கான ஒப்பந்தம் பிரிவு 23-ன்படி செல்லாது. தெரிந்தே கொடுத்தவருக்குப் பிரிவு 65-ம் கைகொடுக்காது. 2023 ஏப்ரல் 4-ம் தேதி அதே 15-வது மைல் பக்கம் பனிச்சரிவில் ஏழு சுற்றுலாப் பயணிகள் இறந்தார்கள். அன்றைக்கும் அனுமதி 13-வது மைல் வரைதான் என்று போலீஸ் தரப்பில் சொன்னார்கள். டிரைவர் உங்களை ஏமாற்றியது உங்களுக்கு நல்லதாகத்தான் போயிற்று. புகாரில் இந்தத் தொகையைக் கேட்காதீர்கள். விசாரணையில் கேள்வி வந்தால் மறைக்கவும் வேண்டாம்.

ரயில் கட்டணமும் நிற்காது. நீங்கள் காங்டாக் வந்த பிறகுதான் இந்த ஏஜென்டைப் பார்த்தீர்கள், அவரை நம்பி ரயில் ஏறவில்லை. மன உளைச்சலுக்கு ₹10,000, வழக்குச் செலவுக்கு ₹5,000 என்று நிறுத்திக்கொள்ளுங்கள். ₹7,500 விவகாரத்துக்கு ₹2 லட்சம் கேட்கும் புகாரை நுகர்வோர் ஆணையம் ஒரு சிரிப்போடுதான் பார்க்கும்.

வழக்கை எங்கே போடுவது? திருப்பூரிலேயே. நுகர்வோர் சட்டம் பிரிவு 34(2)(d)-ன்படி புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் தாக்கல் செய்யலாம். 2019 சட்டம் செய்த பெரிய உபகாரம் இது. பழைய சட்டத்தில் இந்த வசதி கிடையாது. காங்டாக் கோர்ட்டுக்குத்தான் போகணும் என்று அவர் மிரட்டுவதை விடுங்கள். கட்டிய தொகை ₹5 லட்சத்துக்குள் இருந்தால் ஆணையத்துக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. ஆன்லைனில் இ-ஜாக்ருதி தளத்தில் தாக்கல் செய்யலாம், காணொளி வழியாக ஆஜராகவும் மனுப் போடலாம். பணம் அனுப்பியவர் நீங்கள் என்பதால் நீங்களே புகார்தாரராக இருங்கள். மற்ற நால்வரும் பிரமாணப் பத்திரம் கொடுத்தால் போதும்.

ஆனால் யார் மேல் புகார்? உங்களிடம் இருப்பது ஒரு போன் நம்பரும் ஜிபே பெயரும். இங்கேதான் பல புகார்கள் படுத்துவிடுகின்றன. உங்கள் ஐந்து பேர் பெயரும் போட்டோவும் போட்டு ஒரு பர்மிட் தாள் டிரைவர் கையில் இருந்திருக்கும். யாராவது அதை போனில் படம் எடுத்தீர்களா? அந்தச் சாலைக்கான பர்மிட்டைப் பதிவு பெற்ற ஏஜென்சி வழியாகத்தான் வாங்க முடியும். அதனால் தாளில் ஏஜென்சியின் பெயரோ முத்திரையோ இருக்கிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். எந்த இடம் வரை அனுமதி கேட்டிருக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். அதில் சாங்கு மட்டும் இருந்து நாதுலா இல்லை என்றால், அதைவிடப் பெரிய சாட்சி தேவையில்லை. படம் இல்லாவிட்டால் காங்டாக்கில் உள்ள சிக்கிம் அரசு சுற்றுலாத் துறைக்குத் தேதியும் ஐந்து பெயர்களும் குறிப்பிட்டு எழுதிக் கேளுங்கள். அங்கே ஏஜென்சிகளைப் பதிவு செய்வதற்கென்றே 1998-ல் போட்ட சட்டம் இருக்கிறது. பதிவுக்கு ஆபத்து என்று தெரிந்தாலே பல ஏஜென்ட்கள் ஜிபேயைத் திறந்துவிடுவார்கள்.

வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள், எக்ஸ்போர்ட் செய்து பிரின்ட் எடுங்கள். "நாதுலா கன்ஃபர்ம்" என்று அவர் எழுதிய செய்தி இருந்தால் அது முதல் பக்கத்தில் வர வேண்டும். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள், சின்னத் தொகைகள் பல சமயம் அங்கேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் நாதுலாவுக்கான ₹2,500, மீதியில் பாதி ₹2,500, ஆக ₹5,000-ஐ 15 நாளில் திருப்பித் தரச் சொல்லி ஸ்பீட் போஸ்ட்டில் நோட்டீஸ் அனுப்புங்கள். அதன் பிறகு ஆணையம். உங்களுக்கு அந்தச் செவ்வாய்க்கிழமையில் இருந்து இரண்டு வருடம் அவகாசம் இருக்கிறது, ஆனால் ஏஜென்ட் போன் நம்பரை மாற்றுவதற்கு அவ்வளவு நாள் எடுத்துக்கொள்ள மாட்டார். நோட்டீஸை இந்த வாரமே அனுப்புங்கள், ஆங்கிலத்தில்.