வெளிநாட்டு மாணவர் எத்தனை பேர், வெளியே சென்று படித்தவர் எத்தனை பேர்: ஒரு பதிவேட்டை எப்படி அமைப்பது?

கேள்வி: இலங்கையின் மலையகத்தில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தின் சர்வதேசத் தொடர்புப் பிரிவில் முகாமைத்துவ உதவியாளராக வேலை செய்கிறேன். எங்களிடம் படிக்கும் வெளிநாட்டு மாணவர்களின் தொகையை ஒரு கூட்டத்துக்காகக் கேட்டார்கள். பதிவாளர் பிரிவு 41 என்கிறது, எங்கள் கோப்பில் 58 இருக்கிறது, விசாவுக்குக் கடிதம் கொடுக்கும் மேசையில் 33. எங்கள் மாணவர்களில் எத்தனை வீதமானோர் வெளிநாடு சென்று படித்து வருகிறார்கள் என்றும் கேட்கிறார்கள். எதை எழுதிக் கொடுப்பது? – வாசகி, ஹற்றன்

பதில்: மூன்று எண்களும் சரியாக இருக்கலாம். யாரும் பிழை விட்டதாக இப்போதே முடிவு கட்ட வேண்டாம். தோட்டத்துச் சூழலில் இது உங்களுக்குப் பழக்கமான விடயம்தான்: காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் இடமான பிரட்டுக்களத்தில் நின்றவர்களின் தொகை ஒன்று, மாலையில் செக்ரோல் என்ற வரவுப் பதிவேட்டில் முழுப்பேர் (முழுநாள் வேலை) விழுந்தவர்களின் தொகை வேறொன்று, அரைப்பேர் (அரைநாள்) போடப்பட்டவர்களையும் சேர்த்தால் வருவது இன்னொன்று. எந்தத் தொகை வேண்டும் என்பது அதைக் கேட்பவரின் தேவையைப் பொறுத்தது. எனவே கூட்டத்துக்கு எண்ணைக் கொடுக்கும் முன்பு, யாரை வெளிநாட்டு மாணவர் என்கிறோம், எந்த நாளில் எண்ணினோம், எவரைச் சேர்க்கவில்லை என்ற மூன்றையும் அதன் கீழேயே ஒரு வரியில் எழுதிவிடுங்கள்.

முதலில் ‘யார்’ என்பதைப் பார்ப்போம். கடவுச்சீட்டை வைத்து எண்ணுவது இலகுவானது. ஆனால் சர்வதேசப் புள்ளிவிபரங்கள் அதை மட்டும் நம்புவதில்லை. கல்விக்காக எல்லையைக் கடந்து, தமது சொந்த நாட்டுக்கு வெளியே பதிவு பெற்றுப் படிப்பவரையே யுனெஸ்கோவின் புள்ளிவிபர நிறுவனம் நாடு கடந்து படிக்கும் மாணவராகக் கொள்கிறது. அவர் எங்கே வசித்து வந்தார், முன்பு எங்கே படித்தார் என்பவற்றுக்கே அங்கு முன்னுரிமை. ஜேர்மனி இதை இன்னும் நுணுக்கமாகப் பிரிக்கிறது. வெளிநாட்டில் பள்ளிக் கல்வியை முடித்துவிட்டு வந்த வெளிநாட்டவர் ஒரு வகை; ஜேர்மனியிலேயே பிறந்து வளர்ந்து, அங்கேயே பள்ளி முடித்து, துருக்கியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் வேறு வகை. பின்னவரை யாரும் ‘படிக்க வந்தவர்’ என்று சொல்வதில்லை.

இந்த வேறுபாடு நம் மலையகத்துக்கு ஏட்டுச் சுரைக்காய் அல்ல. மலையகத் தமிழரில் பலரை இந்தியாவுக்கு அனுப்ப இலங்கையும் இந்தியாவும் 1964ஆம் ஆண்டில் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி நீலகிரிக்குச் சென்ற ஒரு குடும்பத்தின் பேரப்பிள்ளை, இந்தியக் கடவுச்சீட்டுடன் உங்கள் பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வந்தால், இரண்டு அளவுகோலின்படியும் அவர் வெளிநாட்டு மாணவர்தான். இலங்கைக் குடியுரிமையோடு தமிழ்நாட்டில் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்துவிட்டுத் திரும்பி வரும் பிள்ளையோ கடவுச்சீட்டின்படி உள்நாட்டவர், முன்படிப்பின்படி வெளியிலிருந்து வந்தவர். ஒரே நிரலில் ‘நாடு’ என்று போட்டு இரண்டையும் அடக்க முடியாது. குடியுரிமை, நிரந்தர வதிவிடம், உயர்தரத்தை (பல்கலைக்கழகத்துக்கு முந்திய பள்ளித் தேர்வை) அல்லது அதற்குச் சமமானதை முடித்த நாடு என மூன்று தனி நிரல்களை வையுங்கள். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தால், தலைமுறையாக இங்கேயே வாழ்ந்தவர்கள் ஒரே ஓர் அளவுகோலினால் குடியுரிமைக்கு வெளியே தள்ளப்பட்டதையும், நாடற்றவர்களாக எஞ்சியிருந்தவர்களுக்கு விடிவு கிடைக்க 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்ததையும் அறிந்த சமூகம் நாம். ஒரு மனிதரை ஒரே நிரலில் முடித்துவிடும் பழக்கம் நம் கையால் எழுதும் பதிவேட்டிலாவது இருக்கக்கூடாது என்பதில் எனக்கு உறுதி உண்டு.

அடுத்தது நாள். ஒரு குறித்த நாளில் பதிவில் இருந்தவர்களை எண்ணுவது ஒரு முறை. ஆண்டு முழுவதும் வந்து போனவர்களை எண்ணுவது மற்றொரு முறை. ஐக்கிய இராச்சியத்தின் உயர்கல்விப் புள்ளிவிபரம் ஓகஸ்ட் 1 முதல் ஜூலை 31 வரையான ஓராண்டைத் தழுவியது. அவுஸ்திரேலியாவில் ‘மாணவர்’ தொகையும் ‘பதிவு’த் தொகையும் தனித்தனியே வெளிவருகின்றன, ஏனென்றால் ஒரே மாணவி அதே ஆண்டில் ஆங்கில மொழிப் பாடநெறியை முடித்துப் பட்டப்படிப்பில் சேர்ந்தால் ஒருவருக்கு இரண்டு பதிவுகள் விழும். அமெரிக்காவில் சர்வதேசக் கல்வி நிறுவகம் வெளியிடும் ‘ஓப்பன் டோர்ஸ்’ அறிக்கை, 2023/24இல் 1,126,690 சர்வதேச மாணவர்கள் என்று சொன்னது. அவர்களில் 242,782 பேர் வகுப்பறையில் இருந்தவர்கள் அல்லர். படிப்போடு தொடர்பான தொழிற்பயிற்சிக்கு அனுமதி பெற்று வேலை செய்துகொண்டிருந்தவர்கள். தலைப்பு எண்ணை மட்டும் எடுத்து எழுதுபவர் இந்தக் கால் மில்லியன் பேரைக் கவனிக்காமலே கடந்து போவார்.

இலங்கைப் பல்கலைக்கழகங்களுக்கு மேலதிகமாக ஒரு சிக்கல் உண்டு. நமது கல்வியாண்டும் நாட்காட்டி ஆண்டும் பெரும்பாலும் ஒத்துப் போவதில்லை; கொவிட்டுக்குப் பிறகு அந்த இடைவெளி இன்னும் விரிந்தது. ‘2021/22 அணி’ என்ற பெயரில் உள்ளவர்கள் அதற்குப் பின்னொரு ஆண்டில்தான் விரிவுரைக்கு வந்திருப்பார்கள். ஆகவே அணியின் பெயரோடு, பதிவு செய்த திகதியையும் நாள், மாதம், ஆண்டு என முழுமையாக எழுதுங்கள். ஒவ்வோர் ஆண்டும் ஒரே திகதியில் அந்தத் தாளின் நகலொன்றை எடுத்துப் பூட்டி வைத்துவிடுங்கள். திருத்தம் எதுவாயினும் புதிய தாளில் மட்டும் செய்யுங்கள்.

இனி உங்கள் மூன்று எண்களுக்கு வருவோம். உங்கள் கோப்பிலுள்ள 58இல், ஒரு செமஸ்டருக்கோ சில வாரங்களுக்கோ பரிமாற்றத் திட்டத்தில் வந்து கிரெடிட் (படித்த பாடத்துக்கான மதிப்பலகு) பெற்றுத் திரும்பியவர்களும் இருப்பார்கள். பட்டத்துக்காகப் பதிவு பெற்றவர்களையே பதிவாளர் பிரிவு எண்ணும் என்பதால், இடைவெளியான 17 அநேகமாக அங்கேதான் இருக்கிறது. பதிவாளரின் 41க்கும் விசா மேசையின் 33க்கும் இடையிலுள்ள 8 பேர், மாணவர் விசா தேவைப்படாத இரட்டைக் குடியுரிமையாளர்களாகவோ, பெற்றோரின் வேலை காரணமாக வேறு வகை வதிவிட விசாவில் இருப்பவர்களாகவோ இருக்கலாம். ஊகத்தில் விட்டுவிடாமல், மூன்று பட்டியலையும் பதிவிலக்கத்தின்படி பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொருவராகக் குறித்துப் பாருங்கள். 58 பேர்தானே, ஒரு பிற்பகல் வேலை. யுனெஸ்கோவும் குறுகிய காலப் பரிமாற்ற மாணவரைத் தன் தொகையில் சேர்ப்பதில்லை. ஆகவே கூட்டத்துக்கு ‘பட்டத்துக்குப் படிப்பவர்’ என்றும் ‘பரிமாற்றத்தில் வந்தவர்’ என்றும் இரண்டு வரிகளாகக் கொடுங்கள். கூட்டித் தர வேண்டாம். பல்கலைக்கழகங்களைத் தரப்படுத்தும் கியூஎஸ் நிறுவனத்தின் ஆசியத் தரவரிசைகூட வந்த பரிமாற்ற மாணவரையும் சென்ற பரிமாற்ற மாணவரையும் சர்வதேச மாணவர் விகிதத்திலிருந்து பிரித்தே மதிப்பிடுகிறது.

பெயரை வைத்து மட்டும் ஒப்பிடாதீர்கள். நான் சரிபார்த்த ஒரு தாளில் ஒரே மாணவி இரு முறை எண்ணப்பட்டிருந்தார். நமது பதிவில் தந்தையின் பெயர் முதலெழுத்தாக முன்னே நின்றது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் அந்தத் தந்தை பெயரையே குடும்பப் பெயராகக் கொண்டு, அகரவரிசையில் வேறோர் இடத்தில் அவரை வைத்திருந்தது. பிறப்புச் சான்றிதழ் சிங்களத்தில் எழுதப்பட்டிருந்ததால் கடவுச்சீட்டின் எழுத்துக்கூட்டலும் மாறியிருந்தது. மலையகப் பிள்ளைகளின் ஆவணங்களில் இது அடிக்கடி நடப்பதுதான்.

உங்கள் இரண்டாவது கேள்வி இன்னும் கவனமாகக் கையாளப்பட வேண்டியது. எத்தனை நாள் சென்றால் ‘வெளிநாடு சென்று படித்தவர்’ ஆவார்? குறைந்தது மூன்று மாதம் அல்லது 15 ஐரோப்பியக் கிரெடிட் என்பதே ஐரோப்பிய ஒன்றியம் வைத்த எல்லை. அமெரிக்க அறிக்கை, கிரெடிட் கிடைத்திருந்தால் சில வாரப் பயணத்தையும் சேர்க்கிறது. அந்தக் கிரெடிட் உறுதியாகும் வரை காத்திருப்பதால்தான் அங்கே வெளியே சென்றவர்களின் கணக்கு ஓராண்டு பிந்தி வருகிறது: 2023/24இல் உள்ளே வந்தவர்களைச் சொன்ன அதே வெளியீடு, வெளியே சென்றவர்களுக்கு 2022/23இன் 280,716 என்ற தொகையையே கொடுத்தது. நீங்கள் எந்த எல்லையையும் வைக்கலாம். ஆனால் புறப்பட்ட நாளையும் திரும்பிய நாளையும் பெற்ற கிரெடிட்டையும் எழுதி வைத்தால், நாளை வேறு எல்லையைக் கேட்டாலும் மீண்டும் எண்ணிக் கொடுக்க முடியும். ஒரு பயணத்துக்கு ஒரு வரி என்று வையுங்கள், ஒரு மாணவருக்கு ஒரு வரி என்று வைக்காதீர்கள்.

வீதத்தில்தான் பலரும் வழுக்கி விழுகிறார்கள். எடுத்துக்காட்டாக, நான்காண்டுப் பட்டப்படிப்பில் 3,600 பேர் படிக்கும் ஒரு பல்கலைக்கழகத்தில், இவ்வாண்டு 36 பேர் வெளியே சென்று வந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தத் தொகையால் வகுத்தால் 1 வீதம். ஆனால் ஒரு மாணவர் நான்காண்டில் பெரும்பாலும் ஒரு முறைதான் செல்வார். அதனால் ஆண்டுதோறும் பட்டம் பெற்று வெளியேறும் 900 பேரால் வகுப்பதே பொருந்தும், அப்போது 4 வீதம். அமெரிக்க அறிக்கையும் பங்கேற்பு வீதத்தை வழங்கப்பட்ட பட்டங்களின் தொகையைக் கொண்டே மதிப்பிடுகிறது. இதைவிடச் சரியான வழி ஒன்று சிறிய பல்கலைக்கழகத்துக்குக் கைகூடும்: இவ்வாண்டு பட்டம் பெறுகிறவர்களின் பெயர்ப்பட்டியலை எடுத்து, அவர்களில் எத்தனை பேர் தம் படிப்புக்காலத்தில் ஒரு முறையேனும் சென்று வந்தார்கள் என்று பாருங்கள். இரு முறை சென்றவரும் அதில் ஒருவரே.

கண்டியிலோ கொழும்பிலோ இருந்தபடி பிரித்தானியப் பட்டத்துக்குப் படிப்பவர்கள் எல்லையைக் கடக்கவில்லை. பிரித்தானியா அவர்களைத் தனி அட்டவணையில் எண்ணுகிறது. அந்த அட்டவணையில் இலங்கை முன்னணி நாடுகளில் ஒன்று. ‘வெளிநாட்டில் படிக்கும் இலங்கையர்’ என்று யாராவது அந்த எண்ணைத் தந்தால் ஏற்காதீர்கள்.

கடைசியாக, யாரும் உங்களிடம் கேட்டிராத ஒரு நிரலைச் சேர்க்கும்படி மன்றாடிக் கேட்கிறேன்: தெரிவாகியும் போகாதவர்கள். விமானச் சீட்டையும் மாதப்படியையும் திட்டம் கொடுத்தாலும், கடவுச்சீட்டுக் கட்டணம், விசாவுக்காகக் கொழும்புக்குப் போய்வரும் செலவு, வங்கிக் கணக்கில் காட்ட வேண்டிய பணம் எல்லாம் முதலில் மாணவரின் கையிலிருந்தே வர வேண்டியிருக்கும். கொழுந்து பறித்துக் கிடைக்கும் சம்பளத்தில் வாழும் வீட்டிலிருந்து வந்த பிள்ளை, நேர்முகத் தேர்வில் முதலிடம் பெற்றிருந்தும், இந்தக் கட்டத்தில் ‘தனிப்பட்ட காரணம்’ என்று ஒரு வரி எழுதி விலகிவிடுவார். அந்த இடம் பட்டியலில் அடுத்தவருக்குப் போகும், சென்றவர் தொகையில் ஒன்றும் குறையாது. விலகியவரை அழைத்துப் பேசி, உண்மைக் காரணத்தை அவர் சம்மதத்தோடு எழுதுங்கள். சொந்த மாவட்டத்தையும் மகாபொல புலமைப்பரிசில் அல்லது வேறு உதவித்தொகை பெறுபவரா என்பதையும் குறியுங்கள். அடுத்த கூட்டத்தில் விமானச் சீட்டுக்கு முந்திய செலவுக்கென்று முற்பணம் கேட்பதற்கு, அந்த நிரல்தான் உங்கள் கையில் இருக்கும் ஆதாரம்.