கட்டுமர கேமுக்கு எந்த என்ஜின்?

கேள்வி: நாங்கள் மூன்று பேர், நாகர்கோவில் பக்கம் இன்ஜினியரிங் கடைசி ஆண்டு படிக்கிறோம். குளச்சல் கடலில் கட்டுமரம் தள்ளி மீன் பிடிக்கும் ஆண்ட்ராய்டு கேம் ஒன்று செய்கிறோம். கோடோ என்ற கேம் என்ஜினில் (கேம் செய்ய உதவும் மென்பொருள்) பாதி முடிந்துவிட்டது. "ஓப்பன் சோர்ஸ் என்ஜினில் செய்தால் உங்கள் நிரலையும் சும்மா கொடுக்க வேண்டிவரும், எல்லோரும் பார்க்கும் நிரல் என்பதால் ஹேக் செய்வதும் சுலபம்" என்கிறார் ஒரு சீனியர். யூனிட்டி ப்ரோ என்ற கட்டண என்ஜினின் கிராக் (பூட்டு உடைத்த) பதிப்பை பென்டிரைவில் தந்திருக்கிறார். அதற்கு மாறலாமா, இல்லை சொந்தமாக என்ஜின் எழுதலாமா? பிளே ஸ்டோரில் விற்க நினைக்கிறோம். என் தாத்தா பாடிய அம்பா பாட்டையும் (மீனவர் தொழில் பாட்டு) சேர்த்திருக்கிறோம். (குளச்சல் வாசகர் ஒருவர்)

பதில்:

தம்பி, முதலில் அந்த பென்டிரைவைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நம் காப்புரிமை (காப்பிரைட்) சட்டத்தின் 63பி பிரிவின்படி, திருட்டு மென்பொருள் என்று தெரிந்தே பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. சட்டத்தைவிட எனக்குப் பெரிய பயம் வேறு. கேமை பில்ட் செய்கிற (நிரலைச் செயலியாக்குகிற) கம்ப்யூட்டரில்தான், அது உங்களுடையது என்று கையெழுத்திடும் சாவிக் கோப்பும் இருக்கும். கிராக்கோடு ஏதாவது வைரஸ் உள்ளே வந்தால் அந்தச் சாவி போய்விடும். போதாததற்கு, உங்கள் கேமை நம்பி இறக்குகிறவர்களின் போனுக்கும் ஆபத்து. இத்தனைக்கும் யூனிட்டியின் பெர்சனல் பதிப்பு, ஆண்டு வருமானம் 2 லட்சம் டாலரைத் தாண்டாதவரை இலவசம். கிராக்குக்கு அவசியமே இல்லை.

நிரலைக் கொடுக்க வேண்டிவரும் என்று சீனியர் சொன்னது ஜிபிஎல் என்ற ஓப்பன் சோர்ஸ் உரிமத்துக்குப் பொருந்தும், கோடோவுக்குப் பொருந்தாது. குவேக் என்ற பழைய கேமின் மூலநிரலை 1999-இல் ஜிபிஎல் உரிமத்தில் வெளியிட்டார்கள். அதை எடுத்து கேம் செய்து மற்றவர்களுக்குக் கொடுத்தால், உங்கள் நிரலையும் அவர்களுக்குக் கொடுத்தாக வேண்டும். கோடோ 2014 முதல் எம்ஐடி உரிமத்தில் இருக்கிறது. விற்கலாம், நிரலை மூடி வைக்கலாம், பங்கு தர வேண்டாம். அது கேட்பது ஒன்றே ஒன்று: உரிம வாசகத்தை கேமோடு சேர்க்க வேண்டும். "எங்களைப் பற்றி" என்று ஒரு திரை வைத்து அதில் போட்டால் போதும். வாசகத்தை எடுத்துத் தர கோடோவிலேயே ஃபங்ஷன் இருக்கிறது. கோடோ உள்ளே பயன்படுத்தும் மற்ற லைப்ரரிகளின் (பிறர் எழுதிய நிரல் தொகுப்புகளின்) உரிமங்களும் அதே வழியில் கிடைக்கும்.

மூடிய உரிமத்தில் என்னை உறுத்துவது காசு அல்ல, விதி நடுவில் மாறுவதுதான். 2023 செப்டம்பர் 12 அன்று யூனிட்டி, குறிப்பிட்ட அளவு வருமானமும் இன்ஸ்டாலும் தாண்டிய கேம்களுக்கு ஒவ்வொரு புது இன்ஸ்டாலுக்கும் கட்டணம் என்று அறிவித்தது. ஏற்கெனவே வெளியான கேம்களையும் அதில் சேர்த்தது. எதிர்ப்பு கிளம்பிப் பத்தே நாளில் தளர்த்தியது, ஓராண்டு கழித்து முழுவதுமாகக் கைவிட்டது. கைவிட்டது நல்லது. ஆனால் அந்த ஓராண்டு எத்தனை சிறு குழுக்கள் தூங்காமல் கணக்குப் போட்டிருக்கும்! எம்ஐடியில் வாங்கிய பதிப்பு வாங்கியதுதான். நாளைக்கே கோடோ குழு மனம் மாறினாலும் இன்று உங்கள் கையில் இருப்பதைத் திரும்பக் கேட்க முடியாது. அன்ரியல் என்ற இன்னொரு என்ஜின், கேமின் வருமானம் பத்து லட்சம் டாலர் தாண்டியபின்தான் 5% கேட்கிறது, ஆனால் சாதாரண போனில் ஓட வேண்டிய கட்டுமர கேமுக்கு அது பாரம்.

அப்புறம், பாதுகாப்பு. நிரல் திறந்திருப்பதால் ஆபத்து, மூடியிருப்பதால் காப்பு என்று ஒன்றும் கிடையாது. 2025 அக்டோபரில் யூனிட்டியே ஒரு ஓட்டையை வெளிப்படுத்தியது. 2017.1 பதிப்பு முதல் செய்த கேம்கள் எல்லாம் அதில் மாட்டின. ஆண்ட்ராய்டில், அதே போனில் இருக்கும் வேறொரு செயலி, கேமுக்குள் தன் நிரலை ஏற்றி ஓட்ட வழியிருந்தது. மூடிய நிரல்தான், எட்டு ஆண்டு இருந்திருக்கிறது. மறுபக்கம், 2023 செப்டம்பரில் லிப்வெப்பி என்ற திறந்த லைப்ரரியில், ஒரு படத்தைத் திறந்தாலே தாக்க முடிகிற ஓட்டை வெளிவந்து, குரோம், ஃபயர்ஃபாக்ஸ் எல்லாம் அவசரமாக அப்டேட் விட்டன. இரண்டிலும் தப்பிக்க வழி ஒன்றுதான்: எந்தப் பதிப்பு உங்களிடம் இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும், திருத்திய பதிப்பு வந்ததும் மறுபடி பில்ட் செய்து வெளியிட வேண்டும். கிராக்கில் அதற்கு வழியே இல்லை.

கோடோவில் பலர் கவனிக்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். விளையாட்டைச் சேமிக்க அதன் ரிசோர்ஸ் கோப்பைப் பயன்படுத்துவது வசதி. ஆனால் அந்தக் கோப்புக்குள் ஸ்கிரிப்டும் (ஓடக்கூடிய நிரல்) ஒளிந்திருக்கலாம். வேறு யாரோ அனுப்பிய சேமிப்புக் கோப்பைத் திறந்தால் அவர் எழுதிய ஸ்கிரிப்ட் உங்கள் போனில் ஓடும். வெறும் தரவை மட்டும் வைக்கும் ஜேசன் வடிவத்தில் சேமியுங்கள்.

சொந்த என்ஜின் கற்றுக்கொள்ள நல்ல வழி. விற்பதற்கு இப்போது வேண்டாம். அதில் எவ்வளவு வேலை என்று அறிய, தமிழ் எழுத்து ஒன்றை மட்டும் பாருங்கள். திரையில் "கொண்டல்" என்று காற்றின் பெயர் வர வேண்டும். கொம்பு 'க'வுக்கு முன்னும் கால் பின்னும் நிற்க வேண்டும். எழுத்தைக் கோத்துத் தரும் வேலையை என்ஜின் செய்யாவிட்டால் கொம்பும் காலும் சேர்ந்து பின்னால் போய்த் தொங்கும். கோடோ 3-இல் இந்தத் தொல்லை உண்டு. 2023 மார்ச்சில் வந்த 4-இல் எழுத்தைக் கோத்துத் தரும் ஹார்ஃப்பஸ் லைப்ரரியைச் சேர்த்துச் சரிசெய்தார்கள். நீங்கள் எதில் செய்கிறீர்கள் என்று எழுதவில்லை. 3 என்றால் இப்போதே 4-க்கு மாறிவிடுங்கள், பாதியில் மாறுவது முடித்தபின் மாறுவதைவிட லேசு.

என்ஜின் உரிமம் உங்களைச் சிக்கவைக்காது தம்பி, அங்கங்கே பொறுக்கிச் சேர்த்தவைதான் சிக்கவைக்கும். எனக்கு ஒருமுறை, வெளியிடுவதற்கு முந்தைய வாரம், மழைச் சத்தம் ஒன்றின் உரிமத்தில் "என்சி" என்று இருப்பது தெரியவந்தது. வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று அர்த்தம். எந்தெந்தக் காட்சியில் அது இருக்கிறது என்று தேடியே நான்கு நாள் போனது. அன்று முதல் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். பொருள், எங்கிருந்து, என்ன உரிமம், எந்தப் பதிப்பு, என்றைக்கு எடுத்தது என்று ஒரு வரி. உங்கள் நோட்டில் "நோட்டோ சான்ஸ் தமிழ், ஓஎஃப்எல்" என்று ஒரு வரி இருக்கலாம். ஓஎஃப்எல் என்பது எழுத்துருக்களுக்கான உரிமம். அதன்படி அந்த எழுத்துருவை கேமுக்குள் வைத்து விற்கலாம், எழுத்துருவை மட்டும் தனியாக விற்கக் கூடாது. அலைச் சத்தத்தை இணையத்தில் தேடாதீர்கள். முட்டத்துப் பாறையில் போனை வைத்தால் நீங்களே எடுத்துவிடலாம், காற்று நேராக மைக்கில் அடிக்காமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பாதுகாப்பு அறிவிப்பு ஏதாவது வந்தாலும் அதே நோட்டைத்தான் திறக்க வேண்டும்.

நண்பர் யாராவது படம் வரைந்து கொடுத்திருந்தால், காசு கொடுத்துவிட்டோம், உரிமை நம்முடையதுதான் என்று இருந்துவிடாதீர்கள். எழுத்தில் வாங்க வேண்டும். அதிலும் அதே காப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி, எத்தனை காலம் என்று எழுதாவிட்டால் 5 ஆண்டு மட்டும், எந்த நாடு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றே கொள்ளப்படும். பிளே ஸ்டோரில் உலகம் முழுக்க விற்கப்போகிறீர்கள், ஆகவே இரண்டையும் வெளிப்படையாக எழுதுங்கள். நீங்கள் மூவரும் உங்களுக்குள் அப்படி ஒரு தாள் போடுங்கள், யாராவது வேலைக்குச் சேருவதற்கு முன்பே. சில நிறுவனங்களின் ஒப்பந்தத்தில், நீங்கள் எழுதுவதெல்லாம் அவர்களுக்கே என்று ஒரு வரி இருக்கும்.

அம்பா பாட்டு, எழுதியவர் பெயர் தெரியாமல் வழிவழியாக வந்ததென்றால் பாட்டின் மேல் யாருக்கும் காப்புரிமை இல்லை. பாடிய குரலுக்கு உண்டு. 38-ஆம் பிரிவு பாடியவருக்கு 50 ஆண்டு உரிமை தருகிறது. தாத்தாதானே என்று விட்டுவிடாதீர்கள். கேமைப் போட்டுக் காட்டி, விற்கப்போவதையும் சொல்லி, சம்மதம் என்று இரண்டு வரியில் எழுதி வாங்குங்கள். உரிம வாசகம் போடும் அதே திரையில் அவர் பெயரும் வரட்டும், கோடோவின் பெயருக்கு மேலே.