அரசியல் அறிவியல் ஆய்வால் யாருக்கு என்ன பயன்?

கேள்வி: அரசியல் அறிவியல் பேராசிரியர்கள் மக்களின் வரிப்பணத்தில் ஆய்வு செய்கிறார்கள். எழுதுவது ஆங்கிலத்தில், படிப்பது இன்னும் பத்துப் பேராசிரியர்கள். 2024 தேர்தலில் யாருக்கு எத்தனை இடம் என்பதைக்கூட இவர்களால் சரியாகச் சொல்ல முடியவில்லையே, இவர்களால் நமக்கு என்ன பயன்? (வாசகர் ஒருவர், வில்லிவாக்கம், சென்னை)

பதில்: உங்கள் கேள்வியில் இரண்டு குற்றச்சாட்டுகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று ஆள் மாறிப் போய்விட்டது. 2024 ஜூன் 1ஆம் தேதி மாலை தொலைக்காட்சிகளில் வரிசையாக வந்த எக்ஸிட் போல்கள், பெரும்பாலும் தனியார் நிறுவனங்கள் அலைவரிசைகளுக்காக எடுத்துக் கொடுத்தவை. அவற்றில் பல, தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 350 இடங்களுக்கு மேல் கொடுத்தன, கிடைத்தவை 293. அதற்குச் சேப்பாக்கம் பல்கலைக்கழக வளாகத்தில் வகுப்பெடுக்கும் பேராசிரியர் எப்படிப் பொறுப்பாவார்? அவரைக் கிளி சோதிடராக நினைத்துக்கொண்டு கேட்டால், பதிலும் சீட்டுக்கட்டிலிருந்துதான் வரும்.

ஆய்வாளர்கள் செய்யும் தேர்தல் ஆய்வு வேறு வகை. அரசியல் அறிவியலாளர் ரஜனி கோத்தாரி 1963இல் டெல்லியில் தொடங்கிய வளரும் சமூகங்கள் ஆய்வு மையத்தின் லோக்நிதி பிரிவினர், வாக்காளர் பட்டியலிலிருந்து குலுக்கல் முறையில் பெயர்களைத் தேர்ந்தெடுத்து, வாக்குப்பதிவு முடிந்த பிறகு அவர்களின் வீட்டுக்கே போய், யாருக்கு வாக்களித்தீர்கள் என்பதோடு நிற்காமல், எப்போது முடிவு செய்தீர்கள், எந்தப் பிரச்சினையை மனத்தில் வைத்தீர்கள் என்றெல்லாம் நிதானமாகக் கேட்கிறார்கள். இந்த முடிவுகளைச் சென்னையிலிருந்து வெளிவரும் 'தி இந்து' நாளேடு பலமுறை விரிவாக வெளியிட்டிருக்கிறது. பத்துப் பேர்தான் படிக்கிறார்கள் என்பது அங்கேயே அடிபட்டுப் போகிறது.

இடங்களின் எண்ணிக்கை ஏன் இவ்வளவு வழுக்குகிறது என்பதை நம் ஊர்க் கணக்கிலேயே பார்க்கலாம். 2024இல் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளையும் வென்ற தி.மு.க. கூட்டணி பெற்ற வாக்கு சுமார் 47 விழுக்காடுதான், அ.தி.மு.க. அணிக்குச் சுமார் 23, பா.ஜ.க. அணிக்குச் சுமார் 18. பாதிக்கும் மேற்பட்டவர்கள் வேறு யாருக்கோ வாக்களித்த மாநிலத்தில் ஓர் அணிக்கே எல்லா இடங்களும் போனதற்குக் காரணம், அதிக வாக்கு பெற்றவரே வென்றவர் என்ற நம் தேர்தல் முறையும், எதிரணி பிளந்து நின்றதும். வாக்கு விகிதத்தை ஓரளவு சரியாக அளந்துவிட்டாலும், அதை இடங்களாக மாற்றுவது இரண்டாவது ஊகம். ஆய்வாளர் முதலாவதைப் பற்றித் தயங்கித் தயங்கிப் பேசுவார்; தொலைக்காட்சிக்கு இரண்டாவதுதான் வேண்டும், அதுவும் விளம்பர இடைவேளைக்கு முன்பே வேண்டும்.

அவசரமாகப் பேசினால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 2025 ஆகஸ்டில் லோக்நிதியின் மூத்த ஆய்வாளர் ஒருவர், மகாராஷ்டிர வாக்காளர் எண்ணிக்கை குறித்து எக்ஸ் தளத்தில் தவறான தரவைப் பதிவிட்டார். இரண்டே நாளில் பதிவை நீக்கி வெளிப்படையாக மன்னிப்பும் கேட்டார். அதன் பிறகும் அவர்மேல் காவல்துறை வழக்குகள் பாய்ந்தன. உச்ச நீதிமன்றம் தலையிட்டு நிறுத்திவைக்க வேண்டியிருந்தது. எண்களைச் சரிபார்க்காமல் வெளியிட்டது குறைதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் தன் பிழையைத் தானே திருத்திக்கொண்டவருக்கே இந்தக் கதி என்றால், பொதுவெளியில் பேச எத்தனை பேராசிரியர்கள் முன்வருவார்கள்?

உங்கள் இரண்டாவது குற்றச்சாட்டில் நியாயம் இருக்கிறது. தமிழ்நாட்டு அரசியலைப் பற்றிய நல்ல ஆய்வுகளில் பெரும்பகுதி தமிழில் இல்லை. இதற்குப் பேராசிரியர்களின் மேட்டிமை மட்டுமே காரணம் என்று நீங்கள் நினைத்தால் அது பாதி உண்மை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகளில், சமூக அறிவியல் ஆசிரியர் அங்கீகரிக்கப்பட்ட ஆய்விதழில் எழுதும் ஒவ்வொரு கட்டுரைக்கும் 10 மதிப்பெண் உண்டு; தமிழ் வார இதழில் உங்களுக்குப் புரியும்படி எழுதும் கட்டுரைக்கு அந்தப் பட்டியலில் இடமே இல்லை. பதவி உயர்வு எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம்தான் பேனாவும் திரும்பும். ஆய்விதழ்களுக்கு மொத்தமாகச் சந்தா கட்டும் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு மத்திய அரசு மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறது; அதுவும் அரசுக் கல்வி, ஆய்வு நிறுவனங்களின் மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும்தான். வரி கட்டும் உங்களுக்கு அந்தக் கதவு திறக்காது. கோபப்பட வேண்டிய இடம் இதுதான்.

ஆனாலும் எல்லாம் பூட்டிக் கிடக்கவில்லை. முனைவர் பட்ட ஆய்வேடுகளைத் திரட்டி வைத்திருக்கும் 'சோத்கங்கா' தளத்தை யார் வேண்டுமானாலும் கட்டணமின்றிப் படிக்கலாம். சென்னைப் பல்கலைக்கழக ஆய்வேடுகளும் அதில் இருக்கின்றன. பொருளாதார அறிஞர் மால்கம் ஆதிசேசய்யா 1971இல் நிறுவிய, அடையாற்றில் உள்ள சென்னை வளர்ச்சி ஆய்வு நிறுவனமும் தன் ஆய்வறிக்கைகள் பலவற்றை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. எதை எடுத்தாலும், எத்தனை பேரிடம், எந்த ஊரில், எந்த ஆண்டில் கேட்டார்கள் என்பதை முதலில் பாருங்கள். அதைச் சொல்லாத ஆய்வை யார் எழுதியிருந்தாலும் மூடி வைத்துவிடுங்கள். உள்ளாட்சியோ, இடஒதுக்கீடோ, வாக்குக்குப் பணமோ, உங்களுக்கு அக்கறையுள்ள ஒன்றைப் படித்துவிட்டு, புரியாத இடத்தைக் குறித்து எங்களுக்கு எழுதுங்கள். அந்த ஆய்வாளரையே தமிழில் பதில் எழுதச் சொல்லிக் கேட்கிறோம். "இதற்கு மேல் என் தரவு சொல்லவில்லை" என்று அவர் எழுதும் வரியையும் வெட்டாமல் வெளியிடுகிறோம்.