வாசகர் கேள்வி: மாலைதீவுக்குப் போன தம்பி

கேள்வி: 2021இல் லண்டனில் இருக்கும் என் தம்பி குடும்பத்தோடு மாலைதீவுக் கடற்கரைக்குப் போனான். நாங்கள் இங்கே கொரோனாப் பயணத்தடையில் அடைபட்டிருந்தோம். அந்தப் படங்களைப் பார்த்த கோபம் இன்னும் ஆறவில்லை. நான் கோபப்படுவது பிழையா?
– வாசகி, கல்லடி

பதில்: பிழையில்லை, அக்கா. 2020இல் வேலை போன என் அண்ணா டோஹாவில் விமானத்துக்காக மாதக்கணக்கில் காத்திருந்தார். கல்லாற்றில் அம்மா தினமும் பின்னேரம் படலையடியில் போய் நிற்பார். அந்த நேரத்தில் யார் கடற்கரைப் படம் போட்டாலும் எனக்கு நெஞ்சு எரியும்.

ஆனாலும் தம்பி எந்த மாதம் போனார் என்று கேளுங்கள். மாலைதீவு 2020 ஜூலை 15இலேயே சுற்றுலாவுக்குத் திறந்துவிட்டது. 2021இல், தொற்று இல்லை என்ற பிசிஆர் பரிசோதனை முடிவு கையில் இருந்தால் அங்கே தனிமைப்படுத்தலே இல்லை. தடை இருந்தது இங்கிலாந்துப் பக்கம்தான். 2021 மே 17 வரை அங்கிருந்து விடுமுறைக்கு வெளிநாடு போவதே சட்டப்படி குற்றம். மே 12இல் மாலைதீவு, தொற்று ஆபத்துக் கூடிய நாடுகளுக்கான இங்கிலாந்தின் சிவப்புப் பட்டியலிலும் சேர்ந்தது. அங்கிருந்து திரும்பினால் ஹோட்டலில் பத்து நாள் அடைபட வேண்டியிருந்தது, தனியாக வரும் ஒருவருக்கு முதலில் 1,750 பவுண். செப்டெம்பரில்தான் அந்தப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். மே 17 முதல் போயிருந்து, திரும்பியதும் அந்த விதிகளின்படி நடந்திருந்தால் அவர் சட்டத்தை மீறவில்லை.

சரி, சட்டம் வேறு, உங்கள் மனம் வேறு. அந்த நாட்களில் அவர் வீட்டுக்கு ஒரு கோல் எடுத்தாரா? உங்களை நோகடித்தது அதுதான் என்று நினைக்கிறேன். அதை அவரிடமே நேராகக் கேளுங்கள்.