வாசகர் கேள்விகள்: ஜோஷிமட் ஏன் அமிழ்கிறது?

பத்ரிநாத் வழியில் உள்ள ஜோஷிமட் பற்றியும் அதையொட்டியும் வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

திருமங்கையாழ்வார் பாடிய திருப்பிரிதியும், வீடுகளில் விரிசல் விழுந்ததாகச் செய்தியில் வந்த ஜோஷிமட்டும் ஒன்றுதானா? — வாசகர், ஸ்ரீரங்கம்

வைணவ மரபில் பலரும் அப்படித்தான் கொள்கிறார்கள். பெரிய திருமொழியின் தொடக்கத்திலேயே ஒரு முழுப் பதிகம் பெற்ற தலம் திருப்பிரிதி. ஜோஷிமட், உத்தராகண்ட் மாநிலம் சமோலி மாவட்டத்தில் சுமார் 1,890 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆதிசங்கரர் நிறுவியதாகப் போற்றப்படும் வடதிசை மடம் இங்கேதான். குளிர்காலத்தில் பத்ரிநாத் நடை சாத்தியதும் சங்கராச்சாரியாரின் ஆசனத்தை இங்குள்ள நரசிம்மர் கோயிலுக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். அந்த நரசிம்மரின் ஒரு கை ஆண்டுக்காண்டு மெலிகிறது, அது முறியும் நாளில் ஜய, விஜய மலைகள் சரிந்து பத்ரி வழி அடைபடும், பிறகு தபோவனத்துக்கு அருகிலுள்ள பவிஷ்ய பத்ரியில்தான் வழிபாடு நடக்கும் என்பது அங்குள்ள நம்பிக்கை. மலை சரிந்து பாதை மூடுவதைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்த மக்களிடம்தான் இப்படியொரு ஐதீகம் பிறக்க முடியும்.

இமயமலை பாறைதானே? பாறை மேல் கட்டிய வீடு எப்படி இறங்கும்? — வாசகர், திண்டுக்கல்

ஊர் பாறை மேல் இல்லை என்பதுதான் விஷயமே. எப்போதோ மேலேயிருந்து சரிந்து வந்து குவிந்த பழைய நிலச்சரிவின் மேல் ஜோஷிமட் உட்கார்ந்திருக்கிறது. அங்கே பள்ளம் தோண்டினால் வீட்டளவு பாறாங்கற்கள் கிடைக்கும். அவற்றுக்கு இடையில் மணல், அபிரகம் மினுங்கும் உதிரிக் கல், களிமண். மேலே ஔலி பனிச்சறுக்குச் சரிவு, கீழே அலக்நந்தாவும் தௌலிகங்காவும் கூடும் விஷ்ணுபிரயாகை. நடுவில் வடக்கு நோக்கிச் சாய்ந்த இந்தக் குவியலில்தான் ஊர், ராணுவ முகாம், பேருந்து நிலையம், ஹோட்டல்கள் எல்லாம். போதாக்குறைக்கு, இமயத்தின் பெரிய பிளவுகளில் ஒன்றான மத்திய உந்துப்பிளவு மண்டலம் இந்த வட்டாரத்தின் ஊடாகவே போகிறது. அதனால் அடிப்பாறையும் நொறுங்கியே கிடக்கிறது.

இப்படிப்பட்ட குவியல் சரியாமல் நிற்பதற்கு இரண்டு காரணங்கள்: கல்லுக்கும் கல்லுக்கும் உள்ள உராய்வு, அடிவாரத்தில் முட்டுக்கொடுக்கும் மண். தண்ணீர் இந்த இரண்டையும் கெடுக்கும். உள்ளே இறங்கும் நீர் துகள்களுக்கு இடையில் தேங்கி அழுத்தம் கொடுக்கும்போது உராய்வு குறைகிறது. அதே நீர் வேறொரு இடத்தில் வெளியேறும்போது நுண்மணலை அரித்துக்கொண்டு போவதால் உள்ளே வெற்றிடம் விழுந்து, மேலிருக்கும் தரை உட்காருகிறது. அடிவாரத்தை ஆறு அரிக்கிறது. சாலைக்காக அதே அடிவாரத்தை மனிதர்களும் வெட்டுகிறார்கள்.

2022 ஏப்ரல் முதல் நவம்பர் வரை தரை சுமார் 9 செ.மீ. இறங்கியிருந்தது. அதன் பிறகு டிசம்பர் 27 முதல் ஜனவரி 8 வரை, வெறும் பன்னிரண்டு நாளில் 5.4 செ.மீ. இறங்கியது. இவை இஸ்ரோவின் தேசியத் தொலையுணர்வு மையம் செயற்கைக்கோள் படங்களிலிருந்து சொன்ன கணக்குகள். அமிழ்வின் மேல் விளிம்பு ஔலி சாலையருகே 2,180 மீட்டர் உயரத்தில் தெரிந்தது. 868 கட்டடங்களில் விரிசல் பதிவாகி, 181 கட்டடங்கள் குடியிருக்கத் தகாதவை என்று குறிக்கப்பட்டன. ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்த இரண்டு ஹோட்டல்களை மாடி மாடியாகப் பிரித்தெடுத்தார்கள். வெடிவைத்து இடித்திருந்தால் அந்த அதிர்வே சரிவைக் கிளப்பியிருக்கலாம்.

முன்கூட்டியே யாரும் எச்சரிக்கவில்லையா? — வாசகர், கும்பகோணம்

எச்சரித்தார்கள், அதுவும் 1976லேயே. அப்போதும் ஊரில் தரை இறங்கிக்கொண்டிருந்ததால், கட்வால் ஆணையர் எம்.சி. மிஸ்ரா தலைமையில் 18 பேர் குழுவை அன்றைய உத்தரப் பிரதேச அரசு அமைத்தது. பழைய சரிவின் மேல் ஊர் இருப்பதை அந்தக் குழு வெளிப்படையாகவே எழுதியது. தோண்டியோ வெடிவைத்தோ பாறாங்கற்களை எடுக்காதீர்கள். மண்ணின் தாங்குதிறனைப் பார்க்காமல் கனமான கட்டடம் கட்டாதீர்கள். சரிவுப் பகுதியில் மரம் வெட்டாதீர்கள். ஊரைச் சுற்றி 3 முதல் 5 கி.மீ.க்குள் கட்டுமானப் பொருள் எடுக்காதீர்கள். மழைநீரும் கழிவுநீரும் மண்ணுக்குள் இறங்காதபடி பூசிய வடிகால் அமையுங்கள். அடிவாரத்தில் தொங்கும் கற்களுக்கு முட்டுக்கொடுங்கள். ஆற்றங்கரை அரிப்பைத் தடுங்கள்.

இவற்றில் எதற்கும் புதிய தொழில்நுட்பம் தேவையில்லை, ஒரு நகராட்சியும் பொதுப்பணித் துறையும் மனம் வைத்தால் போதும். ஆனால் அடுத்த நாற்பத்தைந்து ஆண்டுகளில் நடந்தது நேர் எதிர். தாழ்ந்த கல்வீடுகள் இருந்த இடத்தில் பல மாடிக் கான்கிரீட் ஹோட்டல்கள் எழுந்தன, வடிகால் வரவில்லை.

நீர்மின் சுரங்கம் காரணமா, ஊர்க் கழிவுநீர் காரணமா? — வாசகர், கோவை

இரண்டுக்கும் கணக்குப் பார்ப்போம். 2011 கணக்கெடுப்பில் நகர மக்கள்தொகை 16,709. ஆளுக்கு நாளொன்றுக்கு 100 லிட்டர் என்று வைத்தால்கூடச் சுமார் 16.7 லட்சம் லிட்டர் ஆகிறது. ராணுவமும் யாத்ரிகர்களும் இதில் சேரவில்லை. பெரும்பாலான வீடுகளில் சாக்கடை இணைப்பு கிடையாது, உறிஞ்சுகுழிதான். அதாவது மழை இல்லாத நாளிலும் சரிவுக்குள் தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது.

520 மெகாவாட் தபோவன்–விஷ்ணுகாட் திட்டத்தின் சுரங்கத்தில் 2009 டிசம்பரில் துளையிடும் இயந்திரம் நிலத்தடி நீர்த்தாரை ஒன்றைக் குத்திவிட்டது. நாளொன்றுக்கு 6 முதல் 7 கோடி லிட்டர் கொட்டியதாக 2010ல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். மேலே சொன்ன கழிவுநீரைப் போல முப்பத்தைந்து மடங்குக்கும் மேல்! ஆனால் இதன் வேலை வேறு. கழிவுநீர் மண்ணை நனைத்துக் கனக்க வைக்கிறது. சுரங்கக் கசிவோ மலைக்குள் இருந்த நீரை வடித்துவிடுகிறது, அதனால் மேலே ஊற்றுகள் வற்றும் அபாயம் உண்டு. சுரங்கம் ஊருக்கு அடியில் போகவில்லை, பக்கவாட்டில் ஏறக்குறைய ஒரு கி.மீ. தள்ளி இருக்கிறது என்பது திட்ட நிறுவனத்தின் வாதம். ஊர் மக்கள் அதை ஏற்கவில்லை. எங்கள் கருத்து இது: ஏற்கெனவே நிலையற்ற சரிவில் வடிகால் இல்லாத நகரம், அடிவாரச் சாலை வெட்டு, பக்கத்தில் பெரிய சுரங்கம் ஆகிய மூன்றையும் ஒரே காலத்தில் அனுமதித்ததே பிழை. ஒன்றைக் காட்டி மற்றதைத் தப்பவிடக் கூடாது.

சமோலி மாவட்டத்தில் 2021 பிப்ரவரி வெள்ளம் மேகவெடிப்பால் வந்ததா? — வாசகர், நாகர்கோவில்

இல்லை. அன்று மழையே இல்லை. ரோந்தி சிகரத்தின் பக்கவாட்டில் சுமார் 5,500 மீட்டர் உயரத்தில் பாறையும் பனியுமாக ஏறக்குறைய 2.7 கோடி கன மீட்டர் பெயர்ந்து, 1,800 மீட்டர் கீழே பள்ளத்தாக்கில் விழுந்தது. விழுந்த வேகத்தில் உராய்வுச் சூட்டிலேயே பனி உருகிச் சேறாகி, ரிஷிகங்கா வழியாகத் தௌலிகங்காவில் இறங்கியது. இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக 204 பேர். 1974ல் கௌரா தேவியும் ஊர்ப் பெண்களும் மரங்களைக் கட்டிக்கொண்டு காத்த ரேணி கிராமம் இந்த ஆற்றங்கரையில்தான் இருக்கிறது.

இப்படிப்பட்ட இடத்தில் எச்சரிக்கையால் உயிர்களைக் காப்பாற்ற முடியுமா? — வாசகர், வேலூர்

முடியும். அதே மாவட்டத்திலேயே, 1894ல் முடிந்தது. 1893 செப்டம்பரில் கோனா கிராமத்தருகே மலை சரிந்து பிர்ஹி கங்கையை அடைத்தது. அணைபோல் நின்ற மண்மேட்டின் உயரம் சுமார் 900 அடி, பின்னால் ஏரி ஏறிக்கொண்டே வந்தது. நீர் ஏறும் வேகத்தைப் பார்த்த பொறியாளர் புல்ஃபோர்டு, அடுத்த ஆகஸ்டில் வழியும் என்று கணக்கிட்டார். ஏரிக்கரையில் கண்காணிக்க ஓர் அதிகாரியை அமர்த்தி, ஹரித்வார் வரை தந்திக் கம்பி இழுத்தார்கள். வெள்ளம் எவ்வளவு ஏறும் என்று கரையோரம் அடையாளம் நட்டார்கள், பாலங்களைக் கழற்றினார்கள், யாத்ரிகர்களை வேறு வழியில் திருப்பினார்கள். 1894 ஆகஸ்ட் 25 இரவு அணை உடைந்தது. கட்வாலின் ஸ்ரீநகர் ஊரே அடித்துப்போனது. இறந்தவர்கள் ஐந்தே பேர், அதுவும் அப்புறப்படுத்திய பிறகு திரும்பிப் போன ஒரு பக்கிரியின் குடும்பம். மிஞ்சிய ஏரி 1970 ஜூலை வெள்ளத்தில் தூர்ந்தது. அந்த முறை தந்தியும் காவலும் இல்லை.

மலைச்சரிவில் உள்ள எங்கள் வீட்டில் விரிசல். பூச்சு விரிசலா, நிலம் நகர்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? — வாசகர், குன்னூர்

முதலில் விரிசல் எங்கே போய் முடிகிறது என்று பாருங்கள். சுவரில் மயிரிழையாய் ஓடி, சுவரிலேயே முடிந்தால் பெரும்பாலும் பூச்சு. ஜன்னல் மூலையிலிருந்து படிப்படியாய்ச் சரிந்து இறங்கினால் அஸ்திவாரத்தைச் சந்தேகிக்க வேண்டும். தரையில் ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குத் தாண்டி, முற்றத்து மண்ணிலும் தொடர்ந்தால் நகர்வது நிலம்தான்.

அடுத்து, நகர்வு நடக்கிறதா என்று அளக்க வேண்டும். விரிசலின் இருபுறமும் பூச்சைச் செங்கல் தெரியும்வரை கொத்தி, 1 மி.மீ. கனமுள்ள கண்ணாடிப் பட்டை ஒன்றைக் குறுக்கே வைத்து, இரு முனைகளை மட்டும் சிமெண்டால் ஒட்டுங்கள். நடுப்பகுதி சுவரில் ஒட்டக் கூடாது. பக்கத்தில் தேதி எழுதுங்கள். விரிசலின் நுனியிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி போடுங்கள். கண்ணாடி உடைந்தாலோ, நுனி கோட்டைத் தாண்டினாலோ நகர்வு உண்டு. அகலம் 5 மி.மீ. தாண்டி, கதவு ஜன்னல் இறுகினால் கட்டமைப்புப் பொறியாளரை அழையுங்கள். அதற்கு முன் சிமெண்ட் பூசி மூடாதீர்கள், பார்க்க வேண்டிய தடயம் போய்விடும்.

வெளியே மண்ணில் விழுந்த பிளவை மட்டும் உடனே மூட வேண்டும். வாயை 'வி' வடிவில் வெட்டி, களிமண் இட்டு, தண்ணீர் தேங்காதபடி மேடாக இடித்து, இருபுறமும் ஒரு மீட்டர் தள்ளி வரும்படி தார்ப்பாய் போடுங்கள். தடுப்புச் சுவரில் நீர் வடியும் துளைகளைப் பாருங்கள். ஒன்று ஒன்றரை மீட்டருக்கு ஒன்றாக, 7 முதல் 10 செ.மீ. அகலத்தில் இருக்க வேண்டும். சுவர் அழகாய்த் தெரியட்டும் என்று இவற்றைப் பூசி அடைப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. பின்னால் தேங்கும் நீர் சுவரைத் தள்ளிவிடும்.

சமவெளியில் நல்லதென்று கட்டாயமாக்கிய மழைநீர் உறிஞ்சுகுழி, நகரும் சரிவில் ஆபத்து. கூரை நீரைத் தொட்டியில் பிடியுங்கள், மிஞ்சியதை மூடிய குழாயில் கீழ் வடிகாலுக்குக் கொண்டுபோங்கள். மழை நாளில் புதிய ஊற்றிலிருந்து கலங்கல் நீர் வந்தாலோ, மரங்கள் சாய்ந்தாலோ, விரிசல் மணிக்கணக்கில் அகன்றாலோ, அளந்துகொண்டு நிற்க வேண்டாம், பக்கவாட்டில் விலகி வெளியேறுங்கள். சரிவின் கீழ்ப்பக்கம் ஓடக் கூடாது.

பெற்றோரை பத்ரிநாத் அழைத்துப் போகிறோம். ஜோஷிமட்டில் தங்கலாமா? — வாசகர், சென்னை

தங்கலாம், யாத்திரை நடந்துகொண்டுதான் இருக்கிறது. மே, ஜூன் முற்பகுதி, அல்லது செப்டம்பர் பிற்பகுதியிலிருந்து அக்டோபர் வரை தேர்ந்தெடுங்கள். ஜூலை, ஆகஸ்ட் வேண்டாம். யாத்திரைப் பதிவு கட்டாயம், உத்தராகண்ட் அரசின் தளத்தில் செய்யலாம். ரிஷிகேஷிலிருந்து ஜோஷிமட் வரை சுமார் 250 கி.மீ. என்பதை ஒரே நாளில் முடிக்கப் பார்க்காமல், வழியில் ஓர் இரவு தங்குங்கள். ஜோஷிமட்டிலிருந்து பத்ரிநாத் சுமார் 45 கி.மீ., காலையிலேயே கிளம்பிவிடுங்கள். திரும்பும் ரயில், விமானத்துக்கு முன் இரண்டு நாள் கையில் வைத்திருங்கள். சரிவு விழுந்து வண்டிகள் நின்றால், இறங்கிப் போய் வேடிக்கை பார்க்காதீர்கள். முதல் சரிவுக்குப் பின் அதே இடத்தில் கற்கள் மறுபடி விழுவது சகஜம். பெற்றோருக்கான மருந்தைக் கூடுதலாக ஐந்து நாளுக்குச் சேர்த்து, பெரிய பெட்டியில் வைக்காமல் கைப்பையில் எடுத்துப் போங்கள்.