போனை வாங்கினால் கையைக் கடிக்கிறான்: என்ன செய்யலாம்?

கேள்வி: ஆட்டிசம் உள்ள என் மகனுக்கு 6 வயது. பத்துப் பன்னிரண்டு வார்த்தைகள் தனித்தனியாகச் சொல்வான். மாலையில் போனை வாங்கினால் கத்தி, கையைக் கடித்துக்கொள்கிறான். திருப்பிக் கொடுத்ததும் அடங்கிவிடுகிறான். கல்யாண வீட்டில் மேளச் சத்தம் கேட்டாலும் கத்துகிறான், அப்போது போன் கொடுத்தாலும் நிற்பதில்லை. அடம் என்கிறார்கள் வீட்டில். எப்படிப் பழக்குவது?

பதில்: வெளியே ஒன்றுபோலத் தெரிந்தாலும் இரண்டும் வேறு. போன் விஷயத்தில், ‘இன்னும் வேணும்’ என்று சொல்ல அவனிடம் வார்த்தை இல்லை, கடி இருக்கிறது. மேளத்தில் அவன் எதையும் கேட்கவில்லை. காது தாங்கவில்லை, அவ்வளவுதான். இரண்டுமே அடம் இல்லை.

சமீபத்தில் திடீரென்று கூடியிருந்தால் முதலில் மலச்சிக்கல், பல்வலி, காதுவலி இருக்கிறதா என்று குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்டுங்கள். வலியைச் சொல்லத் தெரியாத பிள்ளைகள் இப்படித்தான் காட்டுவார்கள். கூடவே ஒரு வாரம் நோட்டில் எழுதுங்கள்: மணி என்ன, அதற்கு முந்தைய நிமிடம் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், நீங்கள் என்ன செய்தீர்கள். பசி நேரத்திலும், வீடியோவின் நடுவில் போனைப் பிடுங்கும்போதும்தான் அதிகம் என்று தெரியவரலாம்.

போனுக்கு வருவோம். வீடியோ தானாக அடுத்ததுக்குத் தாவும் வசதியை அணைத்துவிடுங்கள். பாட்டு முடியும் இடத்தில்தான் வாங்க வேண்டும். ஓர் அட்டையில் இரண்டு படம் ஒட்டுங்கள்: இடப்பக்கம் போன், வலப்பக்கம் அடுத்து நடக்கப்போவது. இணையப் படம் வேண்டாம், உங்கள் வீட்டுப் பொருளையே போட்டோ எடுங்கள். அடுத்து வருவது அவனுக்குப் பிடித்ததாக இருக்கட்டும் (முறுக்கு, ஊஞ்சல், வாளித் தண்ணீர்). பெரும்பாலான வீடுகளில் தவறு இங்கேதான்: போன் முடிந்ததும் வீட்டுப்பாடம் என்று வைத்தால், எந்தப் பிள்ளை போனைத் தரும்?

‘இன்னும்’ என்று தனியாக ஓர் அட்டை செய்யுங்கள். அவன் அமைதியாக இருக்கும்போது பாட்டை நிறுத்தி, ஒருவர் பின்னாலிருந்து அவன் கையால் அட்டையை எடுத்து உங்களிடம் தரவைக்க வேண்டும். தந்த நொடியே பாட்டு ஓட வேண்டும். முதல் இரண்டு வாரம் எத்தனை முறை தந்தாலும் கொடுங்கள். கடிப்பதைவிட அட்டை வேகமாக வேலை செய்கிறது என்று அவனுக்குப் புரிய வேண்டும். அது நிலைத்த பிறகே ‘ஒரு பாட்டு, அப்புறம் முறுக்கு’ என்று எல்லை போடலாம். அட்டை கொடுத்தால் பேச்சு வராது என்ற பயம் வேண்டாம். படத்தால் பேச்சு தடைபடுவதில்லை.

கடித்த பிறகு போன் கிடையாது. இதில் பாட்டி, தாத்தா உட்பட எல்லோரும் ஒரே முடிவில் நிற்க வேண்டும். முதல் சில நாட்கள் கத்தல் கூடும். நான்காம் நாள் பொறுக்க முடியாமல் கொடுத்தால், இன்னும் நீளமாகக் கத்தினால் கிடைக்கும் என்று நாமே சொல்லிக்கொடுத்ததாகிவிடும்.

மேளத்துக்குப் பழக்குவதைவிடப் பாதுகாப்பே முக்கியம். காதை முழுதாக மூடும் சத்தத் தடுப்பானை வீட்டில் தினமும் சில நிமிடம் விளையாட்டாகப் போட்டுப் பழக்குங்கள். மண்டபத்தில் வாசல் பக்கம் உட்காருங்கள். முகூர்த்த நேரம் பத்திரிகையிலேயே இருக்கிறதே, கெட்டிமேளத்துக்கு முன்னாலேயே வெளியே கூட்டிப்போய்விடுங்கள்.

அவன் வெடித்துவிட்ட பிறகு எதையும் கற்றுக்கொடுக்க முடியாது. ‘ஏன்டா இப்படி’, ‘என்னைப் பாரு’ எதுவும் வேண்டாம். வெளிச்சத்தையும் ஆட்களையும் குறையுங்கள், ‘அம்மா இருக்கேன்’ போதும். கைகளை இறுக்கிப் பிடிக்காமல், கடிக்கத் துணியோ கடிப்பதற்கென்றே விற்கும் ரப்பரோ நீட்டுங்கள். அடங்கியதும் தண்ணீர். அறிவுரை வேண்டாம்.

பேச்சுக்கு ஒன்று: ‘இது என்ன கலர்?’ என்று கேட்டுக்கொண்டே இருப்பது பரீட்சை. பதிலாக, ‘பந்து உருண்டு போச்சு’ என்று சொல்லிவிட்டு மனதுக்குள் பத்து எண்ணிக் காத்திருங்கள். அவன் ‘தண்ணி’ என்றால் நீங்கள் ‘தண்ணி வேணும்’ என்று ஒரு சொல் கூட்டிச் சொல்லி, தண்ணீரைக் கொடுங்கள். திருப்பிச் சொல்ல வற்புறுத்த வேண்டாம்.

பேச்சுப் பயிற்சியாளரையும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டையும் (அன்றாடச் செயல்களுக்குப் பயிற்சி தருபவர்) பாருங்கள். வளர்ச்சியில் சிக்கல் உள்ள பிள்ளைகளுக்கான அரசு மையமான மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் விசாரிக்கலாம். ஸ்டெம்செல் சிகிச்சைக்குப் பணம் கட்டாதீர்கள். ஆட்டிசத்துக்கு அதைப் பரிந்துரைக்கவில்லை என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் தெரிவித்திருக்கிறது.

கடித்த இடத்தில் தோல் கிழிந்தால் சோப்புப் போட்டு ஓடும் நீரில் கழுவி மருத்துவரிடம் காட்டுங்கள். தலையைச் சுவரில் மோத ஆரம்பித்தால் தாமதிக்காமல் குழந்தைகள் மனநல மருத்துவரைப் பாருங்கள்.